லாக் நிரம்பிய அன்று

மருத்துவமனையில் அவரை எல்லோரும் 'சர்வர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில், எப்போதும் குளிர்ந்தே கிடக்கும் அறையில் இருக்கும் பெரிய கணினிகளையும், அவற்றுக்குள் இருக்கும் நோயாளிகளின் தகவல்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கேன்டீன்காரர்களுக்கு இந்தப் பெயர் தீராத வேடிக்கை. அவர் உள்ளே நுழைந்தால் போதும், "சர்வர் சார், அந்த டேபிளுக்கு ரெண்டு காபி!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "சர்க்கரை போட்டா, போடாமலா?" என்பார்.

இந்த வேடிக்கையில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் அவருடைய தங்கை. அவளும் அதே மருத்துவமனையில்தான் வேலை பார்த்தாள். தரைக்குக் கீழே, பழைய காகிதக் கோப்புகள் அடுக்கிய நீளமான அறையில், மருத்துவப் பதிவுப் பிரிவின் பொறுப்பாளர். ஒரே கட்டடம், ஒரே நுழைவாயில். ஆனால் அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லிஃப்டில் அவர் நிற்பதைப் பார்த்தால் அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடுவாள். வேலை விஷயமாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மின்னஞ்சல் வரும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பிக்கும். கூடப் பிறந்தவள், சின்ன வயதில் அவர் முதுகில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவள், ஐயா என்று எழுதுகிறாள். அவரும் சளைத்தவர் இல்லை. "தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றேன்" என்று பதில் போடுவார்.

எல்லாம் அம்மா விஷயத்தில் வந்தது.

அம்மா கடைசியாக மூச்சுக் கருவியில் இருந்தாள். இனி இதனால் பயன் இல்லை, எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் அவரைக் கேட்டார்கள். தங்கை அப்போது வேறு ஊரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தாள். செய்தி கேட்டு ரயில் ஏறிவிட்டாள், மதியத்துக்குள் வந்துவிடுவாள். காலையிலேயே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுக்கு ஒரு ஃபோன் செய்யவில்லை. செய்தால் அழுவாள், வேண்டாம் என்பாள், அப்புறம் தன்னால் இந்த முடிவை இரண்டாம் தடவை எடுக்க முடியாது என்று பயந்தார். அவளை அந்தக் காட்சியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் பையைத் தோளில் மாட்டியபடியே வார்டுக்குள் ஓடி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

"நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்," என்று பிறகு ஒரு நாள் அவள் சொன்னாள். "பக்கத்துல இருந்திருப்பேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

அவர் அதற்கு என்னவோ நியாயம் பேசினார். பேசியிருக்கக் கூடாது. அன்றோடு சரி.

லாக் நிரம்பியது ஒரு திங்கட்கிழமை முற்பகலில். வாரத்தில் கூட்டம் நெரிகிற நாள். முதலில் பதிவுக் கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "சார், புது ஆள் பேரைப் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. என்னவோ லாக் ஃபுல்னு வருது." அவர் எழுந்து நாற்காலியைத் திருப்புவதற்குள் ஆய்வுக்கூடத்திலிருந்து அடுத்த அழைப்பு. பிறகு மருந்தகம். பிறகு எல்லா ஃபோன்களும் ஒன்றாக அடித்தன.

தகவல் தளத்துக்கு, அதாவது டேட்டாபேஸுக்கு, ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றம் செய்தாலும், அதை முதலில் ஒரு தனிக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும். அதைத்தான் டிரான்சாக்‌ஷன் லாக் என்பார்கள். நடுவில் மின்சாரம் போனாலும் யாராவது மனம் மாறினாலும் அதை வைத்துத்தான் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். ஒருவர் தன் வேலையை முடித்து, 'இது உறுதி' என்று கமிட் கொடுத்துவிட்டால், அவருக்காக எழுதிய வரிகள் இருந்த இடத்தை மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் யாராவது ஒருவர் வேலையை ஆரம்பித்துவிட்டு, உறுதி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் அப்படியே திறந்து வைத்திருந்தால், அந்த ஆளுக்குப் பின்னால் வந்த எல்லோருடைய வரிகளும் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் லாக் இருக்கும் வட்டு, அதாவது டிஸ்க், நிரம்பிவிடும். எழுத இடமில்லை என்றால் தகவல் தளம் எதையும் ஏற்காது. படிக்கலாம், எழுத முடியாது.

லாக் வீங்கிக்கொண்டிருப்பதை அவர் முன்பே பார்த்திருந்தார். மாதக் கடைசி அறிக்கைகள் ஓடும்போது அப்படித்தான் ஆகும் என்று ஆறப்போட்டார். அன்றைக்கே யார் திறந்து வைத்திருப்பது என்று பார்த்திருந்தால், சாவகாசமாக, கோபம் எதுவும் இல்லாமல் பார்த்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

இப்போது பார்த்தார். ஒரே ஒரு செஷன்தான், ஒருவர் உள்ளே நுழைந்து தொடங்கிய வேலைதான், திறந்து கிடந்தது. சில வாரங்களாகவே. எந்தக் கணினி என்று பார்த்தார். கீழே, கோப்புகள் அடுக்கிய பதிவு அறை. யாருடைய பெயரில் என்று பார்த்தார். தங்கை.

அவருக்குச் சுருக்கென்றது. திறந்ததை மூடத் தெரியாதவளா? வாரக்கணக்காகவா? தலைமை மருத்துவர் ஃபோனில் வந்தார். கறாரான பெண்மணி, ஆனால் காரணமில்லாமல் கத்தமாட்டார்.

"கீழ வரிசை வாசலைத் தாண்டிப் போகுது. ஆய்வுக்கூடத்துல ரிசல்ட்டை ஏத்த முடியல. ஆபரேஷனுக்குக் கொண்டுபோன ஆளை வெளியிலேயே நிறுத்தி வச்சிருக்காங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"காரணம் தெரிஞ்சிடுச்சு மேடம். உடனே சரி பண்ணிடறேன்."

"யாரோட தப்பு?"

"பதிவுப் பிரிவு மேடம். ஒரு செஷனைத் திறந்து போட்டுட்டாங்க."

சொல்லும்போது தன் குரல் கொஞ்சம் உற்சாகமாக இருந்ததை அவரே கவனித்தார்.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பக்கத்து வட்டில் நிறைய இடம் காலியாக இருந்தது. அங்கே லாக்குக்கு இன்னொரு கோப்பைத் திறந்து கொடுத்தால், காபி ஆறுவதற்குள் கவுன்ட்டர்கள் ஓட ஆரம்பித்துவிடும், திறந்து கிடக்கும் செஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தங்கையைக் கூப்பிட்டு, "கமிட் கொடுத்துடு" என்று சொல்லலாம். இல்லையென்றால் அந்த செஷனை இங்கிருந்தே கொன்றுவிடலாம். கில் என்றுதான் அந்தக் கட்டளைக்குப் பெயர்.

ஃபோனை எடுத்தார். பதிவு அறையின் உள் எண்ணில் பாதியை அழுத்தினார். அவள் எடுத்தால் என்ன சொல்வது? "சொல்லுங்க சார்" என்பாளே, அந்தக் குரலை எப்படிக் கேட்பது? ஃபோனை வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு மின்னஞ்சல் தட்டினார். தங்கள் செஷன் காரணமாக மருத்துவமனைப் பணிகள் நின்றுள்ளன, உடனே மூடவும், தவறினால் துண்டிக்கப்படும். ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. இன்னொரு ஃபோன் அடித்தது.

கட்டளையை எழுதி விசையை அழுத்தினார். அந்த நொடியில் அவருக்குள் ஒரு துளி திருப்தி இருந்தது. பிற்பாடு எதை மறந்தாலும் அவரால் மறக்க முடியாமல் போனது அந்தத் துளியைத்தான்.

செஷனைக் கொன்றால் அது சட்டென்று செத்துவிடாது. அந்த ஆள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், கடைசியிலிருந்து முதல்வரை, ஒன்றொன்றாகத் திரும்ப அவிழ்த்துக்கொண்டே போகும். அதற்கு ரோல்பேக் என்று பெயர். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்டால் சொல்லும். கேட்டார். ஐந்து என்றது. மறுபடி கேட்டார். ஆறு.

அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. திறந்துவிட்டு மறந்துபோன செஷனாக இருந்தால் அவிழ்க்க ஒன்றும் இருக்காது, நொடியில் முடிந்திருக்கும். இத்தனை மெதுவாகப் போகிறது என்றால், உள்ளே வேலை இருக்கிறது. நிறைய.

தலைமை மருத்துவர் மறுபடி அழைத்தார். "என்ன ஆச்சு? இன்னும் ஏத்துக்கல."

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார். பக்கத்து வட்டில் லாக்குக்குப் புதுக் கோப்பைத் திறந்தார். அவ்வளவுதான். கீழே கவுன்ட்டர்கள் உயிர் பெற்றன. "வந்திடுச்சு சார், வந்திடுச்சு!" என்று பதிவுக் கவுன்ட்டர் பெண் ஃபோனில் கூவினாள். முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்திருந்தார். யாரையும் கொல்லாமலே எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கொல்வது நடந்துகொண்டிருந்தது. பதினொன்று. பன்னிரண்டு.

அப்போதுதான் அறைக்கதவு திறந்தது. கீழிருந்து மூன்றாம் மாடிவரை ஏறி வந்ததில் தங்கைக்கு மூச்சு வாங்கியது. கையில் தூசி. கோப்பு அடுக்குகளுக்கு நடுவில் எங்கோ இருந்திருக்கிறாள். வந்து உட்கார்ந்து மின்னஞ்சலைப் பார்த்திருக்கிறாள்.

"என் செஷனை என்ன பண்ணினீங்க?"

"மெயில் போட்டேனே."

"பார்த்துட்டுத்தான் ஓடி வரேன். என்ன பண்ணினீங்க?"

"வட்டு நிரம்பிடுச்சு. ஆஸ்பத்திரியே நின்னுபோச்சு. வேற வழி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வேறு வழி இருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்தது. "கில் பண்ணிட்டேன். ரோல்பேக் ஆகுது."

அவள் திரையைப் பார்த்தாள். "நிறுத்துங்க."

"முடியாது."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்."

"ஆரம்பிச்சா முடிஞ்சுதான் நிக்கும். நடுவுல நிறுத்த வழியே கிடையாது. கணினியை அணைச்சாலும், மறுபடி போட்டதும் விட்ட இடத்துல இருந்து தொடரும்."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை.  பிறகு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அம்மாளுக்கு ஒவ்வாத மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெளிவாக எழுதித்தான் இருந்தது. ஆனால் அது வேறொரு எண்ணில் இருந்தது. ஒரே பெண், பெயரை இரண்டு விதமாக எழுதியதால் இரண்டு நோயாளிகளாக ஆகிவிட்டிருந்தாள். அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று தங்கை தேடத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே. ஒரே ஆள் என்று சந்தேகப்படும் இரண்டு இரண்டு எண்களை எடுத்து, காகிதக் கோப்புகளைக் கீழே இறக்கி, கையெழுத்தையும் தழும்புக் குறிப்பையும் ஒத்துப் பார்த்து, அப்படியும் புரியவில்லை என்றால் வீட்டுக்கே ஃபோன் செய்து கேட்டு, ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டும், தவறாகக் கலந்தவற்றைப் பிரித்துக்கொண்டும் வந்தாள். அதைத்தான் அந்த செஷனில் எழுதிக்கொண்டிருந்தாள். முடிவுக்கு வந்துவிட்டது. இந்த வாரம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உறுதி செய்வதாக இருந்தாள்.

"நடுவுல கமிட் கொடுத்திருக்கலாமே," என்றார் அவர். 

"நீங்கதானே சொன்னீங்க." அவள் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "எங்க பிரிவுக்கே வந்து கிளாஸ் எடுத்தீங்களே. கமிட் கொடுத்துட்டா கொடுத்ததுதான், அதனால எல்லாத்தையும் சரிபார்த்துட்டுக் கடைசியில கொடுங்க, அதுவரைக்கும் எப்ப வேணும்னாலும் பின்வாங்கலாம்னு. எல்லாரையும் சிரிக்க வச்சீங்களே, கல்யாணம் மாதிரின்னு."

சொல்லியிருந்தார். நினைவு வந்தது. ஒரு மணி நேர வேலையை மனத்தில் வைத்துச் சொன்னது. அவள் வாரக்கணக்கில் வைத்துக்கொள்வாள் என்று யார் கண்டது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கிற நிலையிலும் இல்லை, அவர் சொல்கிற நிலையிலும் இல்லை.

நாற்பது என்றது திரை. அதற்குப் பிறகு வேகமாக ஏறத் தொடங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண் கூடக் கூட உள்ளே ஒன்று குறைந்துகொண்டு போகிறது என்பது இருவருக்கும் தெரியும். அம்மாவின் தலைமாட்டில் இருந்த கருவியில் எண்கள் இறங்கியதை அவர் தனியாக நின்று பார்த்தார். அன்றைக்கு அவள் அங்கே இருந்திருந்தால் இப்படித்தான் நின்றிருப்பாள், இதே தூரத்தில், இதே மாதிரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு.  அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் எண் நூறைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அவள் சொன்னாள்:

"ஒரு ஃபோன் பண்ணக்கூடவா அண்ணா உனக்கு முடியல?"

ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத அந்தச் சொல்லை அவர் இப்படியா கேட்க வேண்டும்? பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள். அவர் பின்னாலேயே போனார். நடைபாதையில் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. படியில் இறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலைமை மருத்துவர் வந்து தோளைத் தட்டி, "நல்ல வேளை, சீக்கிரம் சரி பண்ணிட்டீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டையும் அவர் மென்று முழுங்கினார்.

மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அவருக்குப் பொறி தட்டியது. அவிழ்த்த பிறகும் அவள் எழுதியது லாக்கில் கொஞ்ச நேரம் கிடந்திருக்கும். அழிந்த வரிகளை அதிலிருந்து கஷ்டப்பட்டாவது படித்தெடுக்கலாம். டப்பாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். ஆனால் லாக்கைத் தனியாக நகல் எடுத்து வைக்கும் ஏற்பாட்டை அவர் பல மாதங்களாகத் தள்ளிப்போட்டிருந்தார். செஷன் மூடியதும் இடம் காலியாகிவிட்டது. காலையில் தேங்கிய கூட்டம் முழுவதும் அதற்குள் அதன் மேல் எழுதிவிட்டிருந்தது. காய்ச்சல்காரர்கள், கால் சுளுக்கியவர்கள், கண் மருந்துக்கு வந்தவர்கள், எல்லோரும். தேடித் தேடிப் பார்த்தார். சில எண்கள், துண்டு துண்டாக. எதற்கு எது ஜோடி என்று சொல்ல முடியாத எண்கள். நடைபாதையில் நிற்காமல் உடனே உள்ளே வந்து ஒரு நகல் எடுத்திருந்தால் போதும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அவளுக்கு ஃபோன் பண்ண உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்றாள்.

"பயம் இல்ல. வீம்பு."

"ரெண்டும் ஒண்ணுதான் உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனாள்.

அடுத்த வாரம் தலைமை மருத்துவர் ஒரு கூட்டம் போட்டார். ஏன் நின்றது, இனி நிற்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார். தங்கை எழுந்து, "நான்தான் மேடம் திறந்து வச்சிருந்தேன். என் தப்பு," என்றாள்.

அவர் எழுந்தார். "அவங்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தது நான். லாக் வளர்றதைப் பார்த்தும் விட்டது நான். செஷனைக் கொல்லாமலே சரி பண்ணியிருக்கலாம், அதையும் நான் செய்யல. அவங்க வேலையை அழிச்சது நான்தான் மேடம்."

தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன வேலை என்று கேட்டார். தங்கை சொன்னாள்.  "மறுபடி செய்ய முடியுமா?" என்று கேட்டபோது, "முடிஞ்சவரைக்கும்" என்றாள் தங்கை. அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தனக்காக அவர் எழுந்து நின்றது அவளுக்குத் தேவையாக இருந்ததாகவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் தன் வேலை முடிந்ததும் கீழே பதிவு அறைக்குப் போகத் தொடங்கினார். முதல் நாள் வாசலில் நின்றார். "நானும் கோப்பு எடுத்துத் தரேன்," என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஏணியைக் காட்டினாள். அவர் ஏறினார். மேல் தட்டுகளிலிருந்து கட்டுகளை இறக்கிக் கொடுத்தார். தும்மிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவள் ஒரு துணி முகமூடியை மேசை மேல் வைத்து, அவர் பக்கம் தள்ளினாள்.

கையெழுத்தை வைத்துப் பொருத்தக்கூடிய ஜோடிகளை அவர்கள் மெல்ல மெல்ல மறுபடி சேர்த்தார்கள். நாள் முடியும்போது அன்றன்றைக்கே கமிட் கொடுத்தார்கள். சிக்கல், ஃபோன் செய்து கேட்ட வீடுகளில்தான் இருந்தது. பல பதில்கள் அவளுக்கு நினைவிருந்தன. ஆனால் நினைவை மட்டும் நம்பி ஒருவருடைய ஒவ்வாமையை இன்னொருவர் பெயரில் எழுத முடியாது என்றாள்.

"மறுபடி கேட்டுடலாமே," என்றார்.

"எப்படிக் கேக்கறது? பாதிப் பேர் வீட்டுல அந்த ஆள் இப்ப உயிரோட இல்ல. 'இது உங்க சம்சாரம்தானா, இந்தத் தழும்பு அவங்களுக்கு இருந்துச்சா'ன்னு கேட்டேன். அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. அவங்ககிட்ட மறுபடியும் போய் அதே கேள்வியைக் கேக்கச் சொல்றியா?"

இறந்தவர்களின் கணக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதையும் அவளே சொன்னாள். சில இடங்களில் ஒரே பெயரில் உயிரோடு இருக்கும் இன்னொருத்தியின் கோப்பில் இறந்தவளின் நோய்கள் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரிக்காவிட்டால் இருப்பவளுக்குத்தான் ஆபத்து.

"நான் கேக்கறேன்," என்றார். "நீ கேட்டதா இருக்க வேணாம். என் தப்பு, நானே கேக்கறேன்."

அவள் ஒரு எண்ணைச் சொன்னாள். அவர் அவள் முன்னாலேயே அழைத்தார். வயதான ஆண் குரல். அவர் தன்னை யாரென்று சொல்லி, மிகவும் பணிவாகக் கேள்வியைக் கேட்டார். 

"அந்தப் பொண்ணு கேட்டப்பவே சொன்னேனேப்பா," என்றார் அந்தப் பெரியவர். "எழுதி வைக்கலையா?"

"எழுதினாங்க ஐயா. ரொம்பச் சரியா எழுதி வச்சிருந்தாங்க. நான்தான் அவசரப்பட்டு அழிச்சிட்டேன்."

"ஓ," என்றார் பெரியவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அன்னிக்கு அவகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். என் சம்சாரத்தைப் பத்தி யாரும் இப்பல்லாம் கேக்கறதில்ல. ஒரு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை அதையெல்லாம் எடுக்கணுமா?" பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, கேளு. வலது கைல தழும்பு இருந்துச்சு. கொதிக்கிற எண்ணெய் தெறிச்சது. கல்யாணமான புதுசுல."

அவர் எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். வைத்த பிறகு ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னொண்ணு கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வேணாம்," என்றாள் தங்கை.

அடுத்த நாள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் சொன்னார். இன்னொருவர் பாதியில் வைத்துவிட்டார். அப்படியே போயிற்று. சில வாரங்களில் தங்கைக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. இதெல்லாம் நடப்பதற்கு முன்பே அவள் கேட்டிருந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிளை மருத்துவமனை. அவர் போகாதே என்று சொல்ல நினைத்தார். சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்றும் நினைத்தார். "பஸ் வசதி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள்.

போவதற்கு முந்தின வாரம், இருவரும் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு ட்ரெயின்ல வரும்போது, அம்மாகிட்ட என்னென்ன பேசணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். காது கேக்கும்னு சொல்வாங்க இல்ல, கடைசி வரைக்கும்?"

"என்ன பேசணும்னு இருந்தே?"

"இப்ப எதுக்கு அது?" என்றாள். கோபமாக இல்லை. உண்மையாகவே அதற்கு இனி ஓர் உபயோகமும் இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, தூசி படிந்த ஓர் அறையில், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு. அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, போதும் என்றா, அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடைசி நாளன்று மீதி இருந்தவற்றை அவள் அவரிடம் ஒப்படைத்தாள். பெரும்பாலும் முடிந்துவிட்டது. தீர்க்க முடியாதவை கொஞ்சம் இருந்தன. அவற்றில் ஒன்றை அவர் சுட்டிக்காட்டினார். ஒரே பெயர், ஒரே தெரு, பிறந்த வருஷமும் ஒன்று. ஒருத்தியா, இரண்டு பேரா?

"இது உனக்கு நினைவிருக்கா?"

"ஒருத்தின்னுதான் நினைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியல. அந்தப் பொண்ணோட அம்மாதான் ஃபோன் எடுத்தாங்க. ரொம்ப அழுதாங்க."

"நான் ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்ணா," என்றாள். "விட்டுடு."

அவர் விட்டுவிட்டார். அந்த இரண்டு எண்களும் இன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன.